உறுமுகிற நாயைப் புரட்டி அமுக்கினால் திருந்துமா?

கோண்டாவில் வளவு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் ரொட்வைலர் கலப்பு, கடுவன், மூன்று வயது. குட்டியிலிருந்து நான்தான் வளர்த்தேன், என்னிடம் ஒரு சேட்டையும் இல்லை, இரு என்றால் இருக்கும். போன மாதம் அப்பம்மா குசினிக்குப் பின்னால் அதன் சட்டியை எடுக்கக் குனிந்த நேரம் உறுமிவிட்டுக் கையைக் கவ்விவிட்டது. தோல் கிழியவில்லை, கண்டிப்போனது. அதற்குப் பிறகு நாய் பழக்குகிற ஒருவரைக் கூப்பிட்டோம். நாய் தன்னைத்தான் வீட்டுக்குத் தலைவன் என்று நினைக்கிறது, அதை உடைக்க வேண்டும் என்றார். உறுமும் ஒவ்வொரு தடவையும் மல்லாக்கப் புரட்டி, தொண்டையில் கை வைத்து, அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். செய்தும் காட்டினார். நாய் கிடந்தபடியே மூத்திரம் விட்டது, எனக்குப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நானும் அதே போலச் செய்து வருகிறேன்.

இப்போது உறுமல் நின்றுவிட்டது. ஆனால் அப்பம்மா அந்தப் பக்கம் போனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சட்டிக்கு மேலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. இது திருந்துகிற அறிகுறியா? ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வருகிறார்கள், சின்னவனுக்கு நாலு வயது. அதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

வடமராட்சியான்:
தம்பி, பழக்கினவர் சொன்னது சரி. விட்டுவிடாமல் செய்யுங்கோ. எங்கள் வளவில் நாய் இல்லாத காலமே இருந்ததில்லை, ஐயா ஒரு பூவரசந்தடி வைத்திருப்பார், அதைக் கையில் எடுத்தாலே போதும், எல்லாம் அடங்கிவிடும். ஒருவரையும் கடித்ததில்லை. நாய் என்றால் அதற்கு ஒரு எசமான் வேண்டும். ஒழுங்கையில் நிற்கிற கட்டாக்காலிகளைப் பாருங்கோ, பெரியது ஒன்று தின்று முடிக்கும் மட்டும் மற்றது கிட்ட வராது. அது அவற்றின் சட்டம். நாங்கள் அந்தச் சட்டத்தில் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதுள்ள பிள்ளைகள் நாயைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் பிறகு கடிக்கிறது என்று அழுகிறார்கள்.

மருந்துப்பெட்டி:
நான் மிருக வைத்தியசாலை ஒன்றில் கனகாலமாக வேலை செய்கிறேன். கடித்த நாய்களைப் பிடித்துக் கொடுப்பதும் கடிபட்ட வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதும் என் அன்றாட வேலை. அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

தம்பி கேட்டது திருந்துகிறதா என்று. இல்லை. நீங்கள் எழுதிய அந்த நிற்கிற விதம்தான் எனக்குப் பயம் தருகிறது. அடுத்த தடவை அமுக்காமல் தள்ளி நின்று வடிவாகப் பாருங்கோ: வாயில் சோறு இருக்கும், மெல்லாது. கழுத்தும் தோளும் கட்டை மாதிரி இறுகியிருக்கும். தலை அசையாது, கண் மட்டும் அப்பம்மாவின் பக்கம் திரும்பும், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். வாலாட்டம் நின்றிருக்கும். அது உறுமலுக்கு முந்தின கட்டம். முன்பு இதற்குப் பிறகு உறுமல் வந்தது, உறுமலுக்குப் பிறகுதான் வாய் வந்தது. இடையில் இருந்த உறுமலை நீங்கள் அடித்து எடுத்துவிட்டீர்கள். இனி இந்த இறுக்கத்திலிருந்து நேரே வாய்க்குத்தான் போகும். வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது, "ஒரு சத்தமும் போடாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று. உறுமினால் அடி என்று பழக்கிய வீடுகளிலிருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

உறுமல் என்பது நாய் எங்களுக்குத் தருகிற அவகாசம். உறுமினால் தொண்டையில் கை விழும் என்று தெரிந்த நாய் உறுமுவதை விடும், ஆனால் சோற்றைப் பறித்துவிடுவார்கள் என்கிற பயத்தை விடாது. அந்தப் பயம் இப்போது கூடியிருக்கும், ஏனென்றால் முன்பு அப்பம்மா வந்தால் சட்டிதான் போகும், இப்போது அப்பம்மா வந்தால் சட்டியும் போகும், மல்லாக்கக் கிடந்து மூச்சுத் திணறவும் வேண்டும்.

அடுத்தது, இதைத்தான் வீட்டில் உள்ள எல்லோரும் யோசிக்க வேண்டும். அமுக்குகிறவர் யார்? நீங்கள். இளம் வயது, கையில் பலம் இருக்கிறது. நாய் உங்களுக்கு அடங்கும், அது முன்பும் அடங்கித்தான் இருந்தது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பம்மாவால் ஒரு ரொட்வைலரைப் புரட்ட முடியுமா? நாலு வயதுப் பிள்ளையால் முடியுமா? பலத்தால் எடுத்த அடக்கம் பலம் உள்ளவருக்கு மட்டும்தான். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த வளவில் நாயோடு இருக்கப் போகிறவர்கள் மற்றவர்கள். எனக்குத் தெரிந்தவரை அடக்கிப் பழக்கிய வீடுகளில் கடிபடுவது அடக்கினவர் இல்லை, கிழவியும் பிள்ளையும் மீன்காரரும்தான்.

வடமராட்சி ஐயாவுக்கு: உங்கள் ஐயாவின் நாய்கள் கடிக்காததற்குப் பூவரசந்தடிதான் காரணம் என்று எனக்குப் படவில்லை. அந்த நாய்கள் சங்கிலியில் இல்லை. கிடுகு வேலிக்குள்ளால் நுழைந்து போய் வரும். பிடிக்காத ஆள் வந்தால் எழும்பி மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிடும். சோற்றை வளவு மூலையில் கொட்டிவிட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள், சட்டியைத் திருப்பி எடுக்க ஒருவரும் குனிந்ததில்லை. விலகிப் போக இடம் உள்ள நாய்க்குக் கடிக்கத் தேவை வராது. இப்போது சுற்றிவரச் சீமெந்து மதில், கேற்றடியில் சங்கிலி, பகல் முழுக்க ஒரே இடம். அந்த நாயிடம் இருப்பது பல் மட்டும்தான்.

ஸ்காபரோ:
அக்கா சொல்வது நல்லாக இருக்கிறது, ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இங்கே தொலைக்காட்சியில் சீசர் மிலான் என்பவரின் நிகழ்ச்சி பல வருடம் போனது. வீட்டுக்காரரையே கிட்ட விடாத நாய்கள், பத்து நிமிடத்தில் பக்கவாட்டில் படுக்க வைத்து அடக்கிவிடுவார். நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் சண்டை போட்டு மேலே வருவான், மற்றதெல்லாம் அவனுக்குக் கீழே. இது விஞ்ஞானம் தானே? என் நண்பர் ஒருவரும் தன் ஜேர்மன் ஷெப்பர்டுக்கு இதே முறையைச் செய்தார், சரிவந்தது.

கீரிமலை:
உந்த வாதத்துக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? அப்பம்மாவை வைத்தியசாலையில் காட்டினீர்களா? தோல் கிழியவில்லை என்று நாங்களே முடிவெடுக்கக் கூடாது, வயதானவர்களின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் பூசக்கூடாது, நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் காட்டலாம். கடித்த நாயைக் கோபத்தில் கொன்றுவிடாமல் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும். விசர் நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

கோண்டாவில் வளவு:
ஊசி வருடா வருடம் போடுகிறோம், அட்டை இருக்கிறது. அப்பம்மாவை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனோம், பார்த்துவிட்டு மருந்தும் தந்தார்கள். நாய் இன்றைக்கும் நல்லாகத்தான் இருக்கிறது. நன்றி.

மருந்துப்பெட்டி:
கீரிமலை கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஸ்காபரோ தம்பி, அந்த ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டீர்கள். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்கிற ஆய்வாளர் சுவிற்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அவை கூண்டுக்குள் அடைபட்ட ஓநாய்கள், விலகிப் போக இடமில்லை, அதனால் சண்டை. தலைமைக்குப் போட்டி என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பியது. 1970இல் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓநாய் பற்றிய தன் நூலில் அதையே எடுத்து எழுத, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அதே மெக், உங்கள் கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவில் 1986இலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் போய்க் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும். தலைவன் என்று நாங்கள் சொல்வது தகப்பனை. அவர் சண்டை பிடித்து அந்த இடத்துக்கு வரவில்லை, குட்டி பெற்றதால் வந்தார். 1999இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதி, பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல்தான் அது நின்றது.

மல்லாக்கப் புரட்டுவதும் அப்படித்தான். நியூயோர்க் மாநிலத்தில் நாய் வளர்க்கும் துறவிமடம் ஒன்று இருக்கிறது, நியூ ஸ்கீட். 1978இல் அவர்கள் எழுதிய பழக்கும் நூல்தான் அந்த முறையை வீடு வீடாகக் கொண்டு போனது. 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அவர்களே அதை வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். முறையைப் பரப்பினவர்கள் விட்டு 20 வருடத்துக்கு மேலாகிறது, எங்கள் ஊரில் இப்போது காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மிலானின் நிகழ்ச்சி 2004இல் தொடங்கியது. அதன் திரையிலேயே, தகுந்தவரைக் கேட்காமல் இவற்றை நீங்களாகச் செய்ய வேண்டாம் என்று எழுத்துப் போகும். அதைப் படித்தவர்கள் குறைவு. பத்து நிமிடத்தில் அடங்கின நாயை நானும் மேசையில் பார்த்திருக்கிறேன். உதட்டை நக்கும், வால் வயிற்றுக்குள் போயிருக்கும், பார்வை எங்கேயோ இருக்கும், எது செய்தாலும் அசையாது. பயத்தில் உறைந்த நாயும் அமைதியான நாயும் தூரத்திலிருந்து ஒன்று போலத்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால் தெரியும், உறைந்த நாயின் உடம்பு கல்லாக இருக்கும்.

பரமேஸ்வராச் சந்தி:
அக்கா சொல்வதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் நாய்களுக்குள் மேல் கீழ் இல்லவே இல்லை என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐயா ஒழுங்கை நாய்களைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. இத்தாலியில் ரோம் நகரின் ஓரத்தில் சுதந்திரமாகத் திரியும் நாய்களைக் கவனித்து 2010இல் வெளிவந்த ஆய்வில் வரிசை இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் அதை முக்கியமாக எதை வைத்துக் கண்டார்கள் என்றால், எந்த நாய் எந்த நாய்க்குத் தானாகத் தாழ்ந்து கொடுக்கிறது என்பதை வைத்து. கீழே உள்ளது தானே வந்து வாலைத் தாழ்த்தி வாயை நக்கும். மேலே உள்ளது பிடித்துப் புரட்டி அமுக்கிக்கொண்டு நிற்பதில்லை.

இன்னொன்று, நடத்தையியலில் ஆதிக்கம் என்பது இரண்டு விலங்குகளுக்கு இடையே, ஒரு பொருள் தொடர்பாக, திரும்பத் திரும்ப நடப்பதை வைத்துச் சொல்வது. கோழிகள் ஒன்றையொன்று கொத்தும் வரிசையைப் பற்றி நோர்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1921இல் எழுதியதிலிருந்து வருகிற கருத்து அது. ஒரு நாயின் குணம் ஆதிக்கக் குணம் என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. எலும்பை விட்டுக்கொடுக்காத நாய் படுக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கும். அப்பம்மாவிடம் சட்டியைக் கொடுக்க மறுத்ததால் அது வீட்டுக்குத் தலைவனாகப் பார்க்கிறது என்பது எந்த ஆய்விலிருந்தும் வராது.

வடமராட்சியான்:
பிள்ளைகள் படித்துத்தான் எழுதுகிறீர்கள், வாசிக்கச் சந்தோசம். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. உறுமுகிறது. நாங்கள் அடிக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. அப்போது என்ன, உறுமினதற்கு இறைச்சி போடுவதா? அது நாளைக்கு இறைச்சி வேண்டும் என்றே உறுமாதா? பிள்ளை வளர்ப்பில்கூட அப்படி இல்லையே. கடிக்கிற நாய்க்குக் கண்டிப்பு இல்லை என்றால் அடுத்த கடியை யார் பொறுப்பெடுப்பது?

மருந்துப்பெட்டி:
ஐயா, நல்ல கேள்வி. கடியைப் பற்றிக் கவலைப்படுவதால்தான் அமுக்க வேண்டாம் என்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு நடத்தைப் பிரச்சினைக்காக நாய் கொண்டு வந்த 140 வீட்டுக்காரரிடம், முன்பு என்னென்ன செய்து பார்த்தீர்கள், அப்போது நாய் என்ன செய்தது என்று கேட்டு 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் திருப்பிச் சீறியது அல்லது கடிக்க வந்தது. வாயிலிருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியபோது 39 சதவீதம். மல்லாக்கப் புரட்டியபோது 31. கண்ணை உற்றுப் பார்த்து முறைத்ததற்கே 30. தம்பியின் நாய் போல ஏற்கனவே பிரச்சினை உள்ள நாய்கள் இவை, அதனால்தான் இந்தக் கணக்கு இங்கே பொருந்தும். புரட்டுகிற நேரம் உங்கள் முகம் அதன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கோ.

இறைச்சி போட்டால் உறுமலுக்குக் கூலி கொடுத்ததாகும் என்பது எல்லோருக்கும் வருகிற எண்ணம். பயத்தில் வருகிற உறுமல் கூலிக்குச் செய்கிற வேலை இல்லை, ஐயா. அது தானாக வருகிறது. பயம் போனால் உறுமலும் போகும். செய்ய வேண்டியது, சட்டிக்குக் கிட்ட ஆள் வந்தால் பறிபோகும் என்று அது நினைப்பதை, ஆள் வந்தால் இன்னும் நல்லது வரும் என்று மாற்றுவது. எப்படிச் செய்வது என்று தம்பிக்கு எழுதுகிறேன், ஐயாவும் வாசியுங்கோ.

முதலில் அமுக்குவதை இன்றோடு நிறுத்துங்கோ. சாப்பாட்டை ஒருவரும் போகாத இடத்தில், கதவோ படலையோ சாத்திப் போடுங்கோ. சட்டியை நாய் அங்கிருந்து வெளியே போன பிறகுதான் எடுக்க வேண்டும், எடுப்பது நீங்கள். அப்பம்மா இனிமேல் சட்டிக்குக் குனியவே கூடாது, இது பெரிய ஆட்களுக்குச் சொன்னால் கேட்க மாட்டார்கள், அதனால் சட்டியைப் பூட்டி வையுங்கோ. நாய் உறுமினால் அப்படியே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கோ. தோற்றுப் போனதாக நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, மிருக வைத்தியரிடம் கொண்டு போய் வடிவாகப் பார்க்கச் சொல்லுங்கோ. காதுக்குள் புண், உடைந்த பல், இடுப்பு மூட்டு நோவு, உண்ணிக் காய்ச்சல், இதில் ஏதாவது இருந்தால் எந்தப் பழக்கமும் ஏறாது. நோவோடு இருக்கிற ஒரு நாயைப் புரட்டி அமுக்கினால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நலமடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள், அது வேறு காரணங்களுக்கு நல்லது, சோற்றுச் சட்டி உறுமலுக்கு மருந்து என்று நம்பிச் செய்ய வேண்டாம்.

பிறகுதான் பழக்கம். சட்டியில் வெறும் சோறு போடுங்கோ, கையில் அவித்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக வைத்திருங்கோ. நாய் மென்றுகொண்டே இருக்கும் தூரத்தில், வாலும் தோளும் தளர்வாக இருக்கும் தூரத்தில் நில்லுங்கோ, அது இருபது அடியாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து ஒரு துண்டைச் சட்டிப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பி நடவுங்கோ. அவ்வளவுதான். திரும்பி நடப்பது முக்கியம், நீங்கள் எடுக்க வரவில்லை என்பது அதிலிருந்துதான் அதற்கு விளங்கும். கொஞ்ச நாளில் உங்களைக் கண்டதும் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, உடம்பெல்லாம் ஆட்டிக்கொண்டு பார்க்கும். அப்படிப் பார்த்தால் மட்டும் ஓர் அடி கிட்ட. இறுகினால் இரண்டு அடி பின்னால். கையைச் சட்டிக்குள் விட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம், சிலர் குட்டியிலேயே கை விட்டுப் பழக்க வேண்டும் என்பார்கள், அதுதான் கனக்க நாய்களுக்கு இந்தப் பழக்கத்தையே தொடங்கி வைக்கிறது. உங்களுக்கு நல்லாக வந்த பிறகு அப்பம்மா, அவர் குசினி அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எறியட்டும். கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும்.

ஸ்காபரோ:
ஓநாய்க் கதை எனக்குப் புதிது, நன்றி. என் நண்பரின் நாய்க்குச் சரிவந்தது என்று எழுதினேன், இப்போது அவரிடமே கேட்டேன். அவருக்குக் கட்டுப்படுகிறதாம், மனைவி சோறு போடப் போவதில்லையாம். அதை நான் முன்பு கேட்கவில்லை.

வடமராட்சியான்:
சட்டியைத் திருப்பி எடுக்க ஒருவரும் குனிந்ததில்லை என்று அந்தப் பிள்ளை எழுதினது உண்மைதான், எங்கள் வீட்டில் நாய்க்குச் சட்டியே இல்லை, கொட்டிவிட்டு வருவதுதான். அடிக்காமல் நாய் வளர்க்கலாம் என்பதை நான் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பம்மாவால் புரட்ட முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தம்பி, நீங்கள் வேலைக்குப் போனால் வீட்டில் ஆர் ஆர் இருப்பார்கள்?

கோண்டாவில் வளவு:
பகலில் அப்பம்மாவும் அம்மாவும் மட்டும்தான். அமுக்குவதை நேற்றே விட்டுவிட்டேன். சட்டியைப் பின் விறாந்தைக்கு மாற்றினேன், அங்கே கம்பிக் கதவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மிருக வைத்தியரிடம் போகிறோம். பிள்ளைகள் வருவதற்குள் இது சரியாகிவிடுமா அக்கா? அவர்கள் ஒரு மாதம் நிற்பார்கள்.

மருந்துப்பெட்டி:
ஆகாது என்று வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்யுங்கோ. பிள்ளைகள் நிற்கும் மாதம் பழக்கிப் பார்க்கிற மாதம் இல்லை. புது ஆட்கள், வெடிச் சத்தம், ஒலிபெருக்கி, வீடு நிறையச் சாப்பாடு, எந்த நாய்க்கும் அது கடினமான காலம். நாய்க்குப் பின்வளவில் நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடத்தை இப்போதே வேலி போட்டுப் பிரியுங்கோ, அவர்கள் வந்த அன்றைக்குக் கொண்டு போய் அடைத்தால் அது தண்டனையாகப் போய்விடும், இப்போதிருந்தே அங்கே தின்று படுத்துப் பழகட்டும். சங்கிலியில் கட்டிப் பிள்ளைகள் நடக்கிற பாதையில் விட வேண்டாம், கட்டிக் கிடக்கிற நாய்க்கு விலகிப் போக வழியில்லை, பிள்ளைகள் அதற்குக் கிட்டத்தான் போவார்கள். வாய்க்குப் போடுகிற கூடை ஒன்று வாங்கி, உள்ளே ஈரல் வைத்து, தானாக மூக்கை விடும் அளவுக்குப் பழக்குங்கோ, வைத்தியரிடம் கொண்டு போகவும் உதவும். காலையும் பின்னேரமும் பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் நீங்கள் வெளியே நடத்திக் கொண்டு போங்கோ. படலைக்கு இரண்டு கொழுக்கி போடுங்கோ, ஒன்று நாலு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில். அக்காவுக்கு இப்போதே தொலைபேசி எடுத்து நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கோ, வந்து இறங்கிய பிறகு சொல்லக் கூடாது. வைத்தியர் வெள்ளிக்கிழமை என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கோ, காதை முக்கியமாகப் பார்க்கச் சொல்லுங்கோ.